மேல்மலையில் குறைந்த செலவில் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களுக்குச் சொற்பப் பணத்தோடு படம் எடுக்க வருகிறவர்கள், கேமரா வாடகைக்கே பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒலிப்பதிவுக்கு ஒதுக்குகிறார்கள். முதலில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மலையில் படம் ஓரளவு தானாகவே அழகாக அமைந்துவிடும். ஒலி அப்படி அமையாது.

கதையை மலை ஏறுவதற்கு முன்பே சுருக்கிவிடுங்கள். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற 'கூழாங்கல்', வறண்ட நிலத்தில் ஓர் அப்பனும் மகனும் நடந்து போவதையே பெரும்பாலும் காட்டுகிறது. 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற 'டு லெட்', ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு தேடுவதை விட்டு விலகுவதே இல்லை. சிறிய விஷயத்தை முழுதாகச் சொன்னதே இவற்றின் வலிமை. திருவிழாக் கூட்டத்தையும் அடிதடியையும் பத்துப் பேரை வைத்துக் காட்ட முயலும் இடத்தில்தான் சிறு படங்கள் பல சறுக்குகின்றன.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வரலாம். காலையில் வெயிலில் தொடங்கிய காட்சி மாலையில் வெள்ளையாக முடிந்தால் கன்டினியூட்டி, அதாவது காட்சியின் தொடர்ச்சி, கெட்டுவிடும். ஆகவே வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிற்பகலை வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் வந்தவுடன் லென்ஸில் நீர் பூத்துவிடும் என்பதால், கேமராவை அரை மணி நேரமாவது பையிலேயே விட்டுவையுங்கள்.

ஒலிக்கு வருகிறேன். நாங்கள் எடுத்த குறும்படத்தில், புகை படிந்த சமையலறையில் மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாகப் பிணைத்தபடியே ஒரு பாட்டி பேசினார். அந்தக் குரலுக்கு அடியில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இரைவதை, மலையிறங்கி எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் கேட்டோம். டப்பிங்கில் வேறொருவர் பேசினார். காய்ந்த பூண்டுத்தாளின் சரசரப்பும், இரண்டு சொற்களுக்கு நடுவே பாட்டி விட்ட பெருமூச்சும் போய்விட்டன. படத்தின் உயிரே அங்கேதான் இருந்தது. அன்று தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்தியிருப்பார். ஆகவே ஒவ்வொரு ஷாட்டையும் ஒருவர் ஹெட்போனில் கேட்டே தீர வேண்டும். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை போடுங்கள். காட்சி முடிந்ததும், யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

காட்டுக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. நடிக்க வரும் ஊர்க்காரர்களுக்கு, அன்று தோட்ட வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியையாவது கையில் கொடுத்துவிடுங்கள். பட்ஜெட் குறைவு என்று சொல்லி இதில் மிச்சம் பிடிப்பது நியாயமே இல்லை.

எடிட்டிங் முடிந்ததும், ஒலிக்கலவைக்கு முன்பாக, படத்தை அந்த ஊரிலேயே ஒரு சுவரில் போட்டுக் காட்டுங்கள். பேச்சு அந்த மலையின் பேச்சாக இல்லையென்றாலும், பூண்டு கட்டுகிற கை தப்பாகப் போனாலும், அங்கே உடனே சொல்லிவிடுவார்கள். அப்போதும் மாற்றி எடுக்க நாள் இருக்கும்.