மலிவு எஸ்எஸ்டி: எங்கே சறுக்குகிறோம்?

போன மாரியில் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி என்னிடம் வந்தார். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். கையில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. “2 டெராபைட் எஸ்எஸ்டி அண்ணா, ஒன்லைனில மலிவா வந்திச்சு. போல்டர் எல்லாம் தெரியுது, படம் ஒண்டும் திறக்குதில்லை” என்றார். எஸ்எஸ்டி என்றால் ஹார்ட் டிஸ்க் மாதிரிச் சுழலும் தட்டு இல்லாமல், சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க்.

விளிம்பில் கத்தி முனையை வைத்து நெம்பினேன். உள்ளே பெருவிரல் நகமளவு மைக்ரோ எஸ்டி கார்ட் ஒன்று சின்னப் பலகையில் செருகி, மேலே பசை ஊற்றியிருந்தது. கையில் பாரமாகத் தெரிய ஒரு இரும்புத் துண்டும் ஒட்டியிருந்தார்கள். கார்டின் உண்மை அளவு 64 ஜிபி. கொம்பியூட்டர் கேட்டால் ‘நான் 2 டெராபைட்’ என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். 64 ஜிபி நிறையும் வரை எல்லாம் ஒழுங்கு. அதற்குப் பிறகு வந்த படங்களுக்கு இடமே இல்லை, பெயர் மட்டும் பதிவாகியிருக்கிறது. இரண்டு கல்யாண வீடு. ஒன்றின் படங்கள் நல்ல காலம் கமரா கார்டில் அழியாமல் இருந்தன. மற்றது போனது போனதுதான்.

இதைச் சொல்லிவிட்டு ‘மலிவு எஸ்எஸ்டி பக்கமே போகாதீர்கள்’ என்று முடித்தால் அதுவும் தவறு. மலிவில் இரண்டு வகை உண்டு. சில பாகங்களைக் குறைத்து விலையைக் குறைப்பது ஒன்று. இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பது மற்றது. முதலாவதை நானே எத்தனையோ பேருக்கு வாங்கிப் பூட்டியிருக்கிறேன். இரண்டாவதைப் பிடிப்பது கஷ்டமும் இல்லை. பெயர் தெரிந்த கம்பனியின் 480 ஜிபி என்ன விலை என்று டவுனில் இரண்டு கடையில் கேளுங்கள். அதைவிடக் குறைந்த விலைக்கு 2 டெராபைட் தருகிறேன் என்றால், தருபவர் தர்மம் செய்யவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் நாளே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்கும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை, இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம். திருப்பிக் கொடுக்கும் தவணை முடியுமுன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. லிங்கநகரில் ஒரு ரீச்சர் அக்காவின் லெப்டொப் பத்து வருடத்துக்கு மேல் பழையது. போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்துக் குடித்து வரலாம், அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். யாரோ சொன்னதைக் கேட்டு, செக்கனுக்கு 7000 எம்பி வேகமுள்ள விலை கூடிய என்விஎம்இ (புதிய, வேகமான இணைப்பு வகை) டிஸ்க் வாங்கத் தயாராக இருந்தார். அந்த லெப்டொப்பில் அதைச் செருக இடமே இல்லை. அதில் இருப்பது சாட்டா என்ற பழைய வகை இணைப்பு. எவ்வளவு நல்ல டிஸ்க்கைப் போட்டாலும் சாட்டாவில் 550 எம்பி சொச்சத்துக்கு மேல் போகாது.

அதுவே தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், ஊசி நகர்ந்து சரியான இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் பத்து மில்லி செக்கனுக்கு மேல் அதிலேயே போய்விடும். விண்டோஸ் எழும்பும்போது வாசிப்பது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, ஆகவே ஆக மலிவானதும் இந்த வேலையில் ஹார்ட் டிஸ்க்கைத் தோற்கடித்துவிடும். அக்காவுக்கு மலிவுச் சாட்டா ஒன்றைப் பூட்டினேன். இப்போது அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது. மிச்சக் காசுக்கு ரேம் கூட்டினோம்.

வடிவம் பார்க்காமல் வாங்குவது இன்னொன்று. சூயிங்கம் துண்டு மாதிரி இருக்கும் எம்.2 வடிவ டிஸ்க் எல்லாம் ஒன்றென்று நினைக்கிறோம். அதில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. செருகும் பக்கத்தில் பெரும்பாலும் சாட்டாவுக்கு இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இக்கு ஒன்று. நீளமும் வேறுபடும். 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 நீளம். லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மூதூரிலிருந்து இதற்காக இரண்டு தரம் வந்துபோனவர்களைத் தெரியும்.

சரி, குறைத்த பாகங்கள் எவை? பெட்டியில் ‘500 எம்பி வரை’ என்று போட்டிருக்கும். அந்த ‘வரை’யில்தான் கதை இருக்கிறது. எஸ்எஸ்டியில் தரவு வைக்கும் சின்ன அறையைக் கலம் என்பார்கள். ஒரு கலத்தில் மூன்று பிட் வைத்தால் அந்த வகை டிஎல்சி, நான்கு வைத்தால் கியூஎல்சி. நெருக்கி அடுக்க அடுக்க விலை குறையும், எழுதுவது மெதுவாகும். அந்த மெதுவை மறைக்க, காலியான இடத்தில் ஒரு பகுதியை ஒரு கலத்துக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதி, பிறகு ஆறுதலாக உள்ளே மாற்றி அடுக்குவார்கள். கடையின் முன்மேசை மாதிரி. மேசை நிறைந்ததும் மலிவு கியூஎல்சியின் எழுதும் வேகம் செக்கனுக்கு 100 எம்பிக்கும் கீழே விழலாம், ஹார்ட் டிஸ்க்கே தேவலை என்று தோன்றும். கடிதம், எக்செல், இணையம் என்று இருப்பவருக்கு இது தெரியவே வராது. ஒரே மூச்சில் 100 ஜிபி வீடியோ கொட்டுகிறவர் முதல் நாளே கண்டுகொள்வார். டிஸ்க்கை நிரப்பி வைத்தாலும் மேசை சுருங்கும். இந்தக் காரணத்துக்காகவே 120 ஜிபி வாங்க வேண்டாம் என்பேன். விண்டோஸ் அதை 111 என்றுதான் காட்டும், சிஸ்டமும் அப்டேட்டும் போக மிஞ்சுவது சொற்பம்.

இன்னொரு சங்கடம், மொடல் பெயர் மாறாமல் உள்ளே இருப்பது மாறும். 2021இல் குரூஷியல் பி2 அப்படித்தான், டிஎல்சியோடு வந்த டிஸ்க் அதே பெயரில் கியூஎல்சியாக வரத் தொடங்கியது. ஆகவே பழைய பரிசோதனை வீடியோவைப் பார்த்துவிட்டு அதே வேகம் கிடைக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

‘எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே’ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. தேயும், உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குரூஷியல் பிஎக்ஸ்500இன் 480 ஜிபிக்குக் கம்பனி சொல்லும் எழுத்து வரம்பு 120 டெராபைட். நீங்கள் தினமும் 20 ஜிபி எழுதினாலும் 6000 நாள், அதாவது பதினாறு வருடம். வீட்டுப் பாவனைக்கு இது கவலையே இல்லை. ஆனால் அதே டிஸ்க்கைக் கடையின் சிசிடிவி பெட்டிக்குள் போட்டால்? நான்கு கமரா, ஒவ்வொன்றும் செக்கனுக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 173 ஜிபி. 120 டெராபைட் இரண்டு வருடத்துக்குக்கூடத் தாங்காது. அங்கே சிசிடிவிக்கென்று செய்த ஹார்ட் டிஸ்க்தான் சரி.

வீட்டு எஸ்எஸ்டி தேய்ந்து சாவதை நான் கண்டது அரிது. திடீரென்று சாவதைத்தான் கண்டிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் சாகுமுன் டிக் டிக் என்று முனகும், சில கிழமை இழுத்துப் பறிக்கும், நமக்கும் கொப்பி எடுக்க அவகாசம் கிடைக்கும். எஸ்எஸ்டி நேற்று வேலை செய்தது, இன்று கொம்பியூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும் அதற்கு ஆகாது. எந்தத் தரவு எந்தக் கலத்தில் என்ற வரைபடம் பாதியில் அறுந்துபோகலாம். விலை கூடிய சேர்வர் டிஸ்க்குகளில் அந்தக் கணத்தைத் தாங்க, கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைக்கும் கபாசிற்றர் வைத்திருப்பார்கள், மலிவில் அது கிடையாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். லெப்டொப்புக்கு பற்றரி இருக்கிறது. டெஸ்க்டொப் என்றால் எஸ்எஸ்டியில் மிச்சம் பிடித்த காசை ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

மூன்று வருட வாரண்டியைப் பார்த்து ஆறுதல்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரண்டியில் கிடைப்பது புது டிஸ்க், உள்ளே இருந்த பிள்ளையின் படங்கள் இல்லை. டிஸ்க்கைக் கூரியரில் கொழும்புக்கு அனுப்பி, அங்கே பார்த்து, திரும்பி வர எத்தனை கிழமை, போகிற வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு என்று வாங்கும்போதே கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

அப்புறம், கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்க்கின் நலம் பார்க்கும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் அதை நல்லதென்று காட்டினால், யூஎஸ்பி கேசிங் ஒன்றில் போட்டு, கிழமைக்கு ஒருதரம் கொப்பி எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். உப்புவெளித் தம்பி இப்போது இப்படி இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார். இரண்டிலும் மார்க்கரால் திகதி எழுதி ஒன்றைத் தன் வீட்டிலும் மற்றதை அக்கா வீட்டிலும் வைத்திருக்கிறார்.