ஃபெரிட்டின் நார்மல் என்று வந்தாலும் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம்: சிறுநீரக நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது, எந்த எண் தடித்த எழுத்தில் இருக்கிறது என்பதைத்தான். ஃபெரிட்டின் (உடலில் சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் எண்) சாதாரண எழுத்தில் இருந்தால் ‘இரும்புச்சத்துக்குக் குறைவில்லை’ என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பவர் விஷயத்தில் தப்பு நடப்பதே இங்கேதான். தாளில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு, சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களை வைத்துப் போட்டது.

முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். வயதுவந்த ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை. அசதி, மூச்சு வாங்குவது, படி ஏறினால் படபடப்பு இதையெல்லாம் மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் சிறுநீரக நோயே ஆளைச் சோர்வாக்கிவிடும். ஹீமோடயாலிசிஸ் (இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்பவர் என்றால் அன்றைய டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும்.

சரி, ஹீமோகுளோபின் குறைவு. காரணம்? ரத்த அணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஹார்மோனைச் சிறுநீரகம்தான் பெரும்பாலும் சுரக்கிறது, அது பழுதானால் ரத்தம் ஊறுவது குறையும். அதனால் ‘கிட்னி பிரச்சினை, ரத்தம் குறையத்தானே செய்யும்’ என்று இரும்புச்சத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டயாலிசிஸ் குழாய்களில் தங்கிப்போகும் ரத்தம், அடிக்கடி டெஸ்டுக்கு எடுக்கும் ரத்தம், குடலில் வெளியே தெரியாமல் கசியும் ரத்தம் என்று இரும்பு போய்க்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் இந்த நோயில் உடலில் கூடிவிடுகிறது. அது குடல் இரும்பை உறிஞ்சுவதையும் தடுக்கும், சேமிப்பில் இருக்கும் இரும்பு வெளியே வருவதையும் தடுக்கும். பீரோ நிறையப் பணம் இருந்தும் சாவி தொலைந்துபோன வீடு மாதிரி.

அதனால் இரண்டு எண்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் என்பது பீரோவில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான கணக்கு. டிரான்ஸ்ஃபெரின் சேச்சுரேஷன் என்பது கையில் எவ்வளவு புழங்குகிறது என்பது. இந்த இரண்டாவது எண் சில ரிப்போர்ட்டுகளில் இருக்காது, நீங்களே போட்டுக்கொள்ளலாம்: சீரம் அயர்னை (ரத்தத்தில் இருக்கும் இரும்பு) டிஐபிசி-யால் (ரத்தம் மொத்தமாக எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

ஒரு உதாரணம். ஹீமோடயாலிசிஸ் செய்யும் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9.8, சீரம் அயர்ன் 42, டிஐபிசி 240, ஃபெரிட்டின் 165 என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 240-ஆல் வகுத்தால் 17.5 சதவீதம். ஃபெரிட்டின் 165 என்பது பல லேப்களின் கணக்கில் நார்மல்தான். ஆனால் ஹீமோடயாலிசிஸ் செய்பவருக்கு சேச்சுரேஷன் 20 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, கூடவே ஃபெரிட்டினும் 200-ஓ அதற்குக் கீழோ இருந்தால், சேமிப்பே காலியாகி வருகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆக, இவருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கிறது. டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவருக்கு அந்த ஃபெரிட்டின் எல்லை 100.

இதே ஆளுக்கு ஃபெரிட்டின் 450 என்று வந்து, சேச்சுரேஷன் அதே 17.5-ல் நின்றால்? அதுதான் சாவி தொலைந்த நிலை. கூடவே இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறிவிடும். அதனால் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா, சமீபத்தில் காய்ச்சல், புண், கதீட்டர் (உடலில் செருகிய குழாய்) தொற்று ஏதாவது இருந்ததா என்று மருத்துவர் கேட்பார். இருந்தால் அது அடங்கியபின் மறுபடி பார்ப்பது நல்லது. ஃபெரிட்டின் 500-ஐத் தாண்டாமலும் சேச்சுரேஷன் 30 சதவீதத்தைத் தாண்டாமலும் இருந்தால், சிலருக்கு இரும்பு கொடுத்து ஹீமோகுளோபின் ஏறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) நார்மலாக இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள். இந்த நோயில் இரும்பு குறைந்தும் அணுக்களின் அளவு மாறாமல் இருப்பது சகஜம். வசதியுள்ள லேப் என்றால் ரெட்டிகுலோசைட் ஹீமோகுளோபின் (புதிதாக உருவான சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்) கேட்டுப் பாருங்கள், 29 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் அணு உருவாகும் இடத்துக்கே இரும்பு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், அல்லது அதன் மரபுக்கூறு மட்டும் இருந்தால்கூட, இந்த எண்ணை நம்ப முடியாது. பி12, ஃபோலேட் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் நேரம். இரும்பு மாத்திரை போட்ட கையோடு போனால் சீரம் அயர்ன் பொய்யாக ஏறியிருக்கும், அன்றைய மாத்திரையை டெஸ்ட் முடிந்தபின் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நரம்பு வழியாக இரும்பு ஏற்றியிருந்தால் குறைந்தது ஒரு வாரமாவது போகட்டும். கடைசியாக எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்பதை ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி வைத்து, மருத்துவரிடம் தாளை நீட்டும்போது அதையும் காட்டுங்கள்.