ஓரத்தை வெட்டாதீர்கள்: பழைய அச்சுப் படங்களில் நாம் செய்யும் தவறுகள்

குடியாத்தத்தில் எங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒரு லட்சுமி படம் இருந்தது. வீட்டை இடித்தபோது அதை நான் எடுத்துவந்து, வேலூரில் ஒரு கடையில் புது ஃபிரேம் போடக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் போனால் படம் பளிச்சென்று இருந்தது. கீழே இருந்த வெள்ளை ஓரத்தை மட்டும் காணோம். "அதுல ஏதோ இங்கிலீஷ்ல பொடி எழுத்து, கறை வேற. சைசுக்கு வரல சார், வெட்டிட்டேன்" என்றார் கடைக்காரர். அச்சகத்தின் பெயரும் ஊரும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தன. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வெட்டாதீர்கள் என்று நானும் சொல்லவில்லையே.

பழைய படத்தை எடுத்ததும் எல்லோரும் சாமியின் முகத்தைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது ஓரத்தையும் முதுகையும். ஒரே லட்சுமியை ஐந்தாறு அச்சகங்கள் போட்டிருக்கும். எது எந்தக் காலத்தது என்பதை முகம் சொல்லாது.

ஓவியர் "ரவி வர்மா" பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பது இன்னொரு தவறு. நம் பக்கத்தில் வார்னிஷ் பூசிய எந்தப் பழைய சாமி படத்தையும் ரவி வர்மா படம் என்றுதான் சொல்வார்கள். அவருடைய கல்லச்சுக்கூடம் (கல்லில் படம் வரைந்து அதிலிருந்து அச்செடுக்கும் இடம்) 1894-இல் பம்பாய் கிர்காவில் தொடங்கியது. 1899-இல் லோணாவளா பக்கத்து மளவலிக்குப் போய், சில ஆண்டுகளில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரர் கைக்கு மாறியது. ரவி வர்மா 1906-இல் காலமானார். அச்சகமோ அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. துரந்தர் போன்ற வேறு ஓவியர்களின் படங்களையும் போட்டது. ஆக, அடியில் "ரவி வர்மா பிரஸ்" என்று இருந்தால் அது அச்சகத்தின் பெயர், அவ்வளவுதான். கூடவே பம்பாய் என்று இருந்தால் முந்தியது, கார்லா-லோணாவளா (மளவலி இருக்கும் பகுதி) என்று இருந்தால் பிந்தியது. படத்துக்குள் இருக்கும் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானதுதான். அவர் பேனா பிடித்துப் போட்டது என்று நினைத்து விலை பேசாதீர்கள்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "இது அச்சே இல்லை, கையால் வரைந்த ஆயில் பெயிண்டிங்" என்பார்கள். தடவினால் துணி போலச் சொரசொரப்பு, மேலே மினுமினுப்பு. ஓலியோகிராஃப் என்கிற இந்த வகை அச்சே அப்படித் தோன்றுவதற்காகச் செய்ததுதான். நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சடித்து, வார்னிஷ் பூசி, கான்வாஸ் போல நெசவு அழுத்துவார்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கல்லச்சில் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போலத் தெரியும். பிற்கால இயந்திர அச்சான ஆஃப்செட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாக வரிசை கட்டி நிற்கும். அப்படி நின்றால், ஃபிரேம் எவ்வளவு பழைய தேக்காக இருந்தாலும் படம் பிற்கால அச்சு. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கும் உதவும். அதன் கீழ் காகிதம் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது 1950-க்குப் பிந்திய காகிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது காலண்டர் படங்கள். எனக்கு இவைதான் ரொம்பப் பிடித்தவை. ஆம்பூர் தோல் மண்டி பெயர் போட்ட முருகன் படத்தை ஆம்பூரில் அச்சடித்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் படம் சிவகாசியில் அச்சாகி வரும். உள்ளூர் அச்சகத்தில் கடைப் பெயரை மட்டும் மேலே ஏற்றுவார்கள். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் காலண்டர் படங்கள் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சானவை. எனவே அவர் பெயர் இருப்பதால் மட்டும் காலம் முடிவாகாது.

காலத்தைச் சொல்வது கடை விலாசம். நம் வேலூர் மாவட்டம் (பழைய வட ஆற்காடு) பெயர் மாறிக்கொண்டே இருந்தது இதற்கு ரொம்ப வசதி. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று வரும். 90-களின் பிற்பகுதியில் அது வேலூர் மாவட்டம் ஆனது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் தனியாகப் போயின. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. "மெட்ராஸ் ஸ்டேட்" என்றால் பெரும்பாலும் 1969-க்கு முன்பு. துதிக்கை வளைத்த பழைய "லை", "ணை" இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது எனலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள்: அரசாணைக்குப் பிறகும் சில அச்சகங்கள் பழைய அச்செழுத்தை விடவில்லை, பெரியாரோ 1935-லேயே புது எழுத்துக்கு மாறிவிட்டார்.

தமிழ் வருடப் பெயரை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும். "பிலவங்க வருஷம், 1907" என்று ஒருவர் என்னிடம் ஒரு சரஸ்வதியைக் காட்டினார். கடை விலாசத்தில் ஐந்து இலக்க டெலிபோன் நம்பர்! அது 1967-இல் வந்த பிலவங்க. அவர் முகம் வாடியதைப் பார்த்து, நானே சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

ஃபிரேமுக்குப் பின்னால் ஒட்டிய செய்தித்தாளின் தேதியைப் படத்தின் தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக ஃபிரேம் போட்டது எப்போது என்பதைத்தான் அது காட்டும்.

வேலூர்க் கோட்டைப் படங்களில் வேறு மாதிரி ஏமாற்று. அகழியும் மதிலும் தெரிந்தால் போதும், "1806 சிப்பாய்க் கலகத்தப்போ வரைஞ்சது" என்று விற்பவர் சொல்லிவிடுவார். பழைய லண்டன் வாரப் பத்திரிகைப் பக்கத்தை வெட்டி, அண்மையில் வண்ணம் தீட்டி, தனி ஓவியம் போல விற்பதும் உண்டு. திருப்பிப் பாருங்கள்; முதுகில் ஆங்கிலச் செய்தி அச்சாகியிருந்தால் அது பத்திரிகைப் பக்கம். செப்புத் தகட்டு அச்சு என்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும். ஓரம் வெட்டிய படத்தில் அதுவும் போயிருக்கும்.

சுத்தம் செய்வதில்தான் அதிகம் பாழாகிறது. ஈரத் துணியால் துடைக்காதீர்கள், வார்னிஷ் வெளுத்துப் போகும். பிளைவுட்டில் பசை போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. சரஸ்வதி சேலைக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். "யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று அதைப் பிய்த்து எடுத்தவரை எனக்குத் தெரியும். சேகரிப்பவர்கள் தேடி வாங்குவதே அந்த வேலைப்பாட்டுக்காகத்தான்.

விலை? பழமையை மட்டும் வைத்து யாரும் தருவதில்லை. ஓரம் முழுசாக இருக்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா, எத்தனை பிரதிகள் சந்தையில் கிடைக்கின்றன என்றுதான் பார்ப்பார்கள். இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாமல், ஏலத்தில் போன விலையைப் பாருங்கள். "அனுப்புங்கப்பா, இங்கே நல்ல விலை போகும்" என்று வெளிநாட்டு மகன் சொன்னாலும் உடனே கூரியரில் போட்டுவிடக் கூடாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களை வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. முதலில் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.