சிவப்பு பேட்டரி விளக்கு மினுங்கியபோது

டர்பன் கடற்காற்றில் பல ஆண்டுகள் ஓடிய என் பழைய காரில், சாட்ஸ்வொர்த் புறநகரிலிருந்து நகருக்குப் போகும் வழியில், சிவப்பு பேட்டரி விளக்கு மங்கலாக மினுங்கத் தொடங்கியது. அந்த விளக்கு பேட்டரியின் வயதைச் சொல்வதில்லை, மின்னேற்றத்தில் குறை என்றே சொல்கிறது. ஆகையால் புது பேட்டரி வாங்குவதற்கு முன் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுப்பதே முறை. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12.3 மட்டுமே காட்டியது, எஞ்சின் பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலோ 14.2 இருந்தது. பெல்ட்டும் ஆல்டர்னேட்டரும் நலம், இடையிலுள்ள கம்பியில்தான் இழப்பு என்பது அப்போதே தெளிவாயிற்று. பேட்டரியின் எதிர்மின் (−) முனையை முதலில் கழற்றிவிட்டு (இதைத் தவிர்த்தால் தீப்பொறி பறக்கும்), ஆல்டர்னேட்டரின் ரப்பர் மூடியை விலக்கினேன். உள்ளே கம்பி நுனியின் செம்பு வளையம் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, நட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசியபின் பேட்டரியிலும் 14.1 வோல்ட் வந்தது, விளக்கும் அணைந்தது.