எனர்ஜி டிரிங்கும் சரக்கும்: நம்ம மாவட்டத்தில் விடாமல் நடக்கும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை எந்தப் பெட்டிக்கடையிலும் எனர்ஜி டிரிங்க் பாட்டில் முன்வரிசையில் நிற்கிறது. அதை வாங்கிக் குடிப்பதைவிட, சோடாவுக்குப் பதிலாகச் சரக்கில் கலப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

மது மூளையை மந்தமாக்கும், எனர்ஜி டிரிங்கில் உள்ள காஃபின் விழிக்க வைக்கும், ரெண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். காஃபின் விரட்டுவது தூக்கத்தை மட்டும்தான். ரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் துளிகூடக் குறையாது. கையும் கண்ணும் தடுமாறும், ஆனால் ஆளுக்கு அது தெரியாது. 'நான் ஸ்டெடி' என்று இன்னொரு கட்டிங் (90 மில்லி) உள்ளே போகும், அப்புறம் பைக் சாவி கைக்கு வரும். அமெரிக்காவில் காஃபின் சேர்த்த மதுபானங்களைப் பாதுகாப்பற்றவை என்று 2010இல் அரசே எச்சரித்து, சந்தையிலிருந்து விலக வைத்தது. நாமோ டம்ளரில் நாமே கலந்துகொள்கிறோம்.

'தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்' என்பது அடுத்தது. 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லி, அதாவது ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ராத்திரி 10 மணிக்குக் குவாட்டரை முடித்தவர் காலை 5 மணிக்கு ரப்பர் பால்வெட்டுக்குப் பைக்கில் கிளம்பினால், உடம்பில் மிச்சம் இருக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. சட்டப்படி வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக்கூடாது.

'பீர்தானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 8 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். ஒரு கட்டிங்கில் 30தான்.

கடலோர ஊர்களில் சாயங்காலம் ஃபுட்பால் ஆடிவிட்டு, வியர்வையோடு பையன்கள் எனர்ஜி டிரிங்கைத்தான் வாங்குகிறார்கள். இது தாகம் தீர்க்கும் பானம் இல்லை. நம் நாட்டு விதிப்படி லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் அதிலேயே இருக்கும். படபடப்பு, தூக்கமின்மை, ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்குத் துடிப்பு தாறுமாறாவது எல்லாம் இதனால் வரலாம். உடம்பில் ஏறிய காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், பரீட்சை முந்தின ராத்திரி குடிப்பவர்கள் இதை யோசிக்கலாம். ஆடி முடித்தவனுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி போதும்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக: மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எடுக்கும்போது மது வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம்.

தினமும் நிறையக் குடித்தவரை வீட்டிலேயே பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய், மருந்தோடு நிறுத்தச் செய்ய வேண்டும்.

கல்யாண வீட்டுத் திண்ணையில் போதையில் கிடப்பவரை 'தூங்கட்டும்' என்று மல்லாக்கப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள். தட்டியும் எழும்பாவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உடம்பு சில்லிட்டால் உடனே 108. கல்யாண வீட்டில் ஆம்புலன்ஸ் வந்தால் மானம் போகும் என்று தயங்கி நிற்க அப்போது நேரம் இருக்காது.