தோவாளைச் சந்தையில் மங்கிய படங்கள்: புதிய கேமராவை அன்றாடம் பழகுவதற்கு ஒரு செய்முறை

மிரர்லெஸ் கேமரா ஒன்றும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, நாகர்கோவிலிலிருந்து விடியுமுன் புறப்பட்டுத் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். பிச்சியும் மல்லிகையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நேரம் அது. 214 படங்கள் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பூவை அள்ளும் கைகள், நிறுக்கும் கைகள், பணம் எண்ணும் கைகள் யாவும் புகைபோலக் கலைந்திருந்தன. தெளிவாக இருந்தவை ஒன்பது. அவற்றிலும் நான்கில் தராசு மட்டுமே தெளிவு. லென்ஸ் பழுது என்று முடிவுகட்டி, வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்றேன். அங்கே சோதித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று விளங்குவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்ட வரிசையிலேயே இதை எழுதுகிறேன். பேட்டரியை ஏற்றுவது, மெமரி கார்டைச் செருகுவது, வாரை மாட்டுவது ஆகியவற்றைப் பெட்டியில் உள்ள கையேடு பார்த்துக்கொள்ளும்.

முதல் படி: வ்யூஃபைண்டரை உங்கள் கண்ணுக்குப் பொருத்துங்கள்

கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதற்குள் தெரியும் எண்களும் எழுத்துகளும் துல்லியமாகத் தெரியும்வரை அதைத் திருப்புங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது, எழுத்துகளைப் பார்த்தே திருப்ப வேண்டும். கண்ணாடி அணிபவர்கள், படமெடுக்கும்போது அதை அணிந்திருப்பார்களோ கழற்றிவிடுவார்களோ அந்த நிலையிலேயே இதைச் செய்ய வேண்டும். இந்தச் சக்கரத்தால் படத்தில் ஒரு மாற்றமும் வராது. ஆனாலும் இதைத் தொடாமல் விட்டதால்தான் எல்லாமே மங்கலாகத் தெரிந்து, லென்ஸின் மீது எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

இரண்டாம் படி: டயலை ‘ஏ’வில் நிறுத்துங்கள்

மேலே உள்ள டயலில் ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்று குறித்திருப்பது அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு அளவை) நாமும் ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழும் நேரத்தை) கேமராவும் தீர்மானிக்கும் முறை. எல்லாவற்றையும் கையால் அமைக்கும் ‘எம்’ முறையில் எடுத்தால்தான் ஒளிப்படக் கலை கைவரும் என்று சொல்பவர்கள் உண்டு. அன்றாடத் தெருக்காட்சிக்கு அது வீண் சுமை என்பது என் கருத்து: அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆகிய மூன்று எண்களையும் சரிபார்த்து முடிப்பதற்குள் சைக்கிள்காரர் தெருமுனையைத் தாண்டிவிடுவார். ஐ.எஸ்.ஓ.வை ‘ஆட்டோ’வில் விட்டுவிடுங்கள். கோப்பு வகையில் ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைப்பது), ஜேபெக் (சுருக்கிய, உடனே பார்க்கத்தக்க படம்) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இப்போது ஜேபெக் போதும். ஓராண்டு கழித்து இதே படங்களைத் திரும்ப எடுத்துத் திருத்த விரும்பும்போது ரா கோப்பு கைகொடுக்கும்.

மூன்றாம் படி: மங்கல் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

நான் இடறி விழுந்த இடம் இதுதான், ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

மங்கிய படத்தைக் கணினியில் நூறு விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கி, படத்தில் அசையாமல் இருக்கும் ஏதேனும் ஒன்றை, தூணையோ சுவரையோ பெயர்ப்பலகையையோ, முதலில் தேடுங்கள். அந்தத் தூணும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் உங்கள் கை அசைந்திருக்கிறது. தூண் செதுக்கியதுபோலத் தெளிவாக இருந்து பூக்காரரின் கை மட்டும் கலைந்திருந்தால், அசைந்தவர் அவர். இழுபட்ட தடமே இல்லாமல் அவர் முகம் மிருதுவாகவும், அவருக்குப் பின்னால் தொங்கும் மாலை தெளிவாகவும் இருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குக் கொடுத்துத்தான் நான் மூன்று வாரத்தைக் கழித்தேன்.

என் படங்களில் தூண்கள் எல்லாம் தெளிவாகவே இருந்தன. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஆனால் அது என் கையின் நடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, எதிரே இருப்பவரின் கையைப் பிடித்து நிறுத்தாது. இந்த ஒரு வேறுபாடு எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. போதாததற்கு, ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளி விழும் என்று கேள்விப்பட்டு அதை 1600-க்கு மேல் போகாதபடி கட்டிவைத்திருந்தேன். 55 மி.மீ.க்கு இழுத்த கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதாக ஆக, திறப்பு பெரிதாகும்). சந்தையில் பல்பு வெளிச்சம் மட்டும். இந்த மூன்றும் சேர்ந்தபோது கேமராவுக்கு வேறு வழியில்லாமல் ஷட்டர் வேகத்தை நொடியில் 30-இல் ஒரு பங்குக்கு இறக்கியிருந்தது. ஒவ்வொரு படத்தின் தகவலிலும் இந்த எண் பதிவாகியிருந்தும் நான் பார்க்கவில்லை.

நான்காம் படி: ஷட்டர் வேகத்துக்கு ஒரு கீழ் எல்லை கொடுங்கள்

ஆட்டோ ஐ.எஸ்.ஓ. பட்டியலுக்குள் சென்றால், பெரும்பாலான கேமராக்களில் ‘குறைந்தபட்ச ஷட்டர் வேகம்’ என்ற பொருள்படும் ஒரு வரி இருக்கும். அதை 1/250 என்று வையுங்கள். அதே இடத்தில் ஐ.எஸ்.ஓ.வின் மேல் எல்லையை 6400 ஆக்குங்கள். இனி வெளிச்சம் குறையும்போது கேமரா ஷட்டரை மெதுவாக்காமல் முதலில் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தும், மேல் எல்லையை எட்டிய பிறகே ஷட்டரில் கைவைக்கும். நடப்பவர்கள், பேசுபவர்கள், பூக்கட்டுபவர்கள் ஆகியோருக்கு 1/250 போதும். ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு 1/500 வேண்டும். விலை குறைந்த சில கேமராக்களில் இந்த வரி இருக்காது. அப்படியானால் மங்கிய வெளிச்சத்தில் மட்டும் டயலை ‘எஸ்’ அல்லது ‘டிவி’ முறைக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை நீங்களே 1/250-இல் நிறுத்துங்கள்.

ஐ.எஸ்.ஓ. 6400-இல் புள்ளிகள் தெரியத்தான் செய்யும். ஆனால் புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், அச்சிடலாம், மென்பொருளில் ஓரளவு துடைக்கவும் செய்யலாம். கலைந்த கையை எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஐந்தாம் படி: ஃபோகஸ் எங்கே என்பதை நீங்கள் சொல்லுங்கள்

புதிய கேமராவில் ஃபோகஸ் பரப்பு ‘ஆட்டோ’வில் இருக்கும்; அதற்குப் பெரும்பாலும் அருகில் இருப்பதே பிடிக்கும், அதாவது நீங்கள் முகத்தை எண்ணிக்கொண்டு அழுத்த அது கூடையைப் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் புள்ளியை முகத்தில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பச்சை அடையாளம் வந்த பிறகு முழுவதும் அழுத்துங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆறாம் படி: மல்லிகை வெள்ளையாகத் தெரிய

மங்கல் தீர்ந்த பின் அடுத்த குறை கண்ணில் பட்டது: மல்லிகைக் குவியல் அழுக்கு வேட்டிபோலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கேமராவின் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் அளவுக்கு ஒளியைத் திருப்புகிறது என்றே எண்ணிக்கொள்கிறது. படச்சட்டம் முழுவதும் வெள்ளைப் பூ நிறைந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று கருதி அதைக் குறைக்கிறது. கருங்கல் மண்டபம் நிறைந்தால், இருட்டிவிட்டது என்று கருதிக் கூட்டுகிறது. ஆகவே கூட்டல், கழித்தல் குறியிட்ட எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் டயலை வெள்ளைப் பொருள்களுக்கு +1 வரையும் கறுத்த பொருள்களுக்கு −1 வரையும் திருப்ப வேண்டும். கண் நினைப்பதற்கு நேர்மாறான திசை என்பதால் முதல் ஒரு வாரம் குழம்பும். வெள்ளை அரளி, செவ்வரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்துத் தோவாளையில் கட்டும் மாணிக்க மாலை இதற்கு நல்ல பயிற்சி: ஈடுசெய்யாமல் ஒன்று, +0.7-இல் ஒன்று, +1.3-இல் ஒன்று என்று எடுத்து வீட்டில் ஒப்பிடுங்கள். மூன்றாவதில் வெள்ளை இதழின் மடிப்புகள் காணாமற்போயிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கிடட்டா?” என்று நான் கேட்டதற்கு அந்த அம்மாள் நிமிராமலே, “எடு மக்களே, பூவ மிதிச்சிராத” என்றார். காலடியில் பார்க்காமல் பின்வாங்கும் பழக்கம் புதிதாகக் கேமரா வாங்கிய எல்லோருக்கும் இருக்கிறது.

ஏழாம் படி: இரண்டாவது லென்ஸ்

உடனே வாங்க வேண்டாம். ஒரு மாதம் கிட் லென்ஸில் எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த ஐம்பதைப் பொறுக்கி, எந்தக் குவியத் தூரத்தில் (லென்ஸின் மி.மீ. அளவில்) எடுத்தவை என்று அவற்றின் தகவலில் பாருங்கள். கணினியில் கட்டளை தட்டத் தயங்காதவர்களுக்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அந்தப் பட்டியலை ஒரு நொடியில் தந்துவிடும். தொலைவில் உள்ளதை இழுக்கும் ஜூம் லென்ஸ்தான் அடுத்த தேவை என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஐம்பதில் முப்பத்தொன்று 30-க்கும் 40-க்கும் இடையில் இருந்தன. எனவே 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸை வாங்கினேன். ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய ஒத்த காட்சியைத் தரும்.

எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. சந்தையின் அதே வெளிச்சத்தில், ஐ.எஸ்.ஓ. 1600-இலேயே 1/250 கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஒன்றரை மீட்டர் தொலைவில் எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் 13 செ.மீ. அளவுதான். கண் தெளிவாக இருக்கும், நீட்டிய கை மங்கும். பின்னணி முழுவதையும் கரைத்துவிடும் ஆசையில் முதல் மாதம் எல்லாவற்றையும் 1.8-இல் எடுத்து, தோவாளையா வேறு ஊரா என்று தெரியாத படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது மனிதர்களுக்கு 2.8, தெருவுக்கு 5.6 அல்லது 8 என்று வைத்துக்கொள்கிறேன். கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள்; அகலக் காட்சிக்கு அதன் 18 மி.மீ. முனை வேண்டும்.

எட்டாம் படி: நாள்தோறும் எப்போது எடுப்பது

நம் ஊரில் சூரியன் வேகமாக ஏறிவிடும். காலை ஏழரைக்குப் பின் கண்ணுக்குக் கீழே நிழல் விழத் தொடங்குகிறது. நாகர்கோவிலில் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே இறங்கும். அந்த நேரங்களில் வெளியே அலைவதைவிட, திண்ணையிலோ வாசற்படிக்கு உட்புறத்திலோ ஆளை உட்காரவைத்து, தெருவிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளியில் எடுப்பது நல்லது. மழை மேகம் மூடிய நாளில் எல்லா நேரமும் நல்ல நேரமே.

படங்களைக் கணினிக்கு மாற்றி, இன்னொரு வட்டிலும் ஒரு நகல் வைத்த பிறகு, கார்டைக் கணினியில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ரா கோப்புகளைத் திருத்த நான் பயன்படுத்துவது டார்க்டேபிள். இலவசம், முதல் வாரம் எரிச்சலூட்டும், பிறகு விட மனம் வராது.

பின்சேர்க்கை: வாசகர்களின் கேள்விகளுக்குப் பிறகு

சமையலறையில் எடுத்த படங்களில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன என்று இருவர் எழுதியிருந்தனர். இருவரும் ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தியிருந்தார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டுகளும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் காட்சியை வரிவரியாகப் படிப்பதால் அந்த ஏற்றத்தாழ்வு பட்டையாகப் பதிகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, அந்த வெளிச்சத்தில் மட்டும் 1/100 வையுங்கள். மேலே நான் சொன்ன 1/250-க்கு இது விதிவிலக்கு.

மிக அருகில் போனால் ஃபோகஸ் ஆகவில்லை என்பது மற்றொருவரின் புகார். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்குமேல் நெருங்க முடியாது என்று ஓர் அளவு உண்டு. பெரும்பாலும் லென்ஸின் மீதே எழுதியிருக்கும். அந்த அளவு லென்ஸின் முனையிலிருந்து அன்று, கேமராவின் மேற்புறத்தில் வட்டத்தைக் குறுக்கே கோடு வெட்டும் அடையாளம் உள்ளதே, அந்த இடத்திலிருந்து கணக்கிடப்படுவது.

லென்ஸில் பூஞ்சை பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் துணிப்பைக்குள் லென்ஸை மாதக்கணக்கில் மூடிவைப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பதற்குச் சமம். விலையுயர்ந்த மின்சாரப் பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சிறிய ஈரப்பதமானி ஆகியவை போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறிவிட்டால், சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, நன்றாக ஆறவைத்துத் திரும்பப் போடலாம். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுபோகும்போது கண்ணாடியில் நீராவி படிந்தால் துடைக்காதீர்கள், லென்ஸையும் கழற்றாதீர்கள். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, அதன் பிறகு திறங்கள்.