நாகர்கோவில் மக்களவைத் தொகுதி: தேர்தல் வரலாறு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இப்போது இல்லை. 2004 தேர்தலே அதன் கடைசித் தேர்தல். 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது போய், 2009 முதல் கன்னியாகுமரி தொகுதி வந்தது. இதைப் பலர் "பெயர் மட்டும் மாறியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மற்ற பிழைகளில் பாதி இந்த வரியிலிருந்து கிளம்புகின்றன.

இப்படி நினைக்கத் தூண்டுகிற ஒற்றுமைகள் இருப்பது உண்மைதான். பழைய நாகர்கோவிலின் வரிசை எண் 39, கன்னியாகுமரிக்கும் 39. அதில் 6 சட்டமன்றத் தொகுதிகள், இதிலும் 6. ஆனால் அந்த ஆறும் இந்த ஆறும் ஒன்றல்ல. 2004 வரை இருந்தவை நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர். கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அதே மாவட்டத்தில் இருந்தாலும், மக்களவைக்குத் திருச்செந்தூரோடுதான் சேர்ந்திருந்தது. மறுசீரமைப்பில் திருவட்டாறு ஒழிந்து அதன் பகுதிகள் அண்டைத் தொகுதிகளுக்குப் போயின. கன்னியாகுமரி உள்ளே வந்தது. மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் 7-இலிருந்து 6 ஆயின. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் உடனே தெரியும்.

ஆகவே பொன். ராதாகிருஷ்ணன் 1999-இல் வென்றது நாகர்கோவிலில், 2014-இல் வென்றது கன்னியாகுமரியில். "அதே தொகுதியில் மீண்டும் வென்றார்" என்று எழுதக்கூடாது. இரண்டு அட்டவணை போடுங்கள். ஒரே அட்டவணைதான் வேண்டுமென்றால் 2004-க்கும் 2009-க்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, எல்லை மாறியதைக் குறியுங்கள்.

இதைவிடச் சிக்கலானது 2004-ஐயும் 2009-ஐயும் ஒப்பிட்டு "இத்தனை சதவீதம் சரிவு" என்று கணக்குப் போடுவது. எல்லை மாறிய பிறகு நேரடிக் கழித்தல் செல்லாது. 2004-க்கான அடிப்படை எண்ணை உருவாக்க, கன்னியாகுமரி சட்டமன்றப் பகுதியில் பதிவானவற்றைத் திருச்செந்தூர் முடிவிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். அங்கேயும் கட்சிவாரியாகக் கூட்ட முடியாது. 2004-இல் தி.மு.க. கூட்டணி நாகர்கோவிலில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மினையும், திருச்செந்தூரில் தி.மு.க.வின் ராதிகா செல்வியையும் நிறுத்தியது. கூட்டணி வாக்காகக் கூட்டினால் மட்டுமே பொருள் உண்டு. 2009-இலோ மார்க்சிஸ்ட் கட்சி அ.தி.மு.க. அணிக்குப் போய்விட்டது, வென்றவர் தி.மு.க.வின் ஜே. ஹெலன் டேவிட்சன். கட்சியைப் பின்தொடர்வதா, அணியைப் பின்தொடர்வதா என்று முதலிலேயே முடிவு செய்து, அதை அட்டவணையின் தலையில் எழுதிவிடுங்கள். எல்லையைத் துல்லியமாகப் பொருத்த விரும்பினால் வாக்குச்சாவடி வாரியாக வாக்குகளைக் காட்டும் இறுதி முடிவுத் தாளான படிவம் 20 வரை போகவேண்டியிருக்கும்.

அடுத்தது கட்சிப் பெயர். "காங்கிரஸ்" என்று மொட்டையாக எழுதினால் இந்தத் தொகுதியின் வரலாறே குழம்பிவிடும். முதல் பொதுத் தேர்தலில் வென்ற ஏ. நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேட்பாளர். தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய தனிக்கட்சி அது. அவரை இந்திய தேசிய காங்கிரஸ் கணக்கில் சேர்ப்பது அந்தப் போராட்டத்தையே அழிப்பதாகும். 1957-இல் பி. தாணுலிங்க நாடார் இந்திய தேசிய காங்கிரஸில் வென்றார். 1962-இலும் 1967-இலும் நேசமணி வென்றபோது அவரும் அந்தக் கட்சிதான்.

காமராஜர் விஷயத்தில் பிழை இன்னும் அதிகம். 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவர் வென்றபோது காங்கிரஸ் பிளவுபடவில்லை. பிளவு அந்த ஆண்டு நவம்பரில்தான். ஆகவே 1969-க்கு ஸ்தாபன காங்கிரஸ் (பிளவில் இந்திரா காந்தியை எதிர்த்த அணி) என்று போடுவது தவறு. 1971-க்கு அது சரி: தமிழகத்தில் அன்று அந்தக் கட்சி வென்ற ஒரே மக்களவை இடம் நாகர்கோவில். சின்னமும் மாறியது, இரட்டைக் காளை போய் ராட்டை சுற்றும் பெண் வந்தது. 1977-இல் குமரி அனந்தனும் ஸ்தாபன காங்கிரஸ் சார்பில்தான் வென்றார். ஸ்தாபன காங்கிரஸும் சேர்ந்த ஜனதா, ஒரே கட்சியாக முறைப்படி உருவானது தேர்தலுக்குப் பின், 1977 மே 1 அன்று. வென்ற நாளின் கட்சியை எழுதி, பிறகு சேர்ந்ததைக் குறிப்பில் சொல்லுங்கள்.

என். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து 6 முறை வென்றார். "ஆறு முறை காங்கிரஸ்" என்பது பிழை: 1980, 1984, 1989, 1991 காங்கிரஸ் (1980-இல் இந்திரா காங்கிரஸ் என்ற அடையாளத்தோடு), 1996, 1998 தமிழ் மாநில காங்கிரஸ்.

இடைத்தேர்தலை விட்டுவிடுவதும் வழக்கமான குறை. பொதுத் தேர்தல் அறிக்கைகளை மட்டும் வைத்து அட்டவணை போட்டால் 1967-க்கு அடுத்து 1971 வரும். நேசமணி 1968-இல் காலமானதால் நடந்த 1969 இடைத்தேர்தல் காணாமல் போகும். நான்காவது மக்களவைக்கு இங்கிருந்து சென்றவர்கள் இருவர். இடைத்தேர்தல் முடிவுகள் தேர்தல் ஆணையத்தில் தனித் தொகுப்பாக இருக்கும், அதையும் பார்த்தாக வேண்டும். இதை ஒட்டி, "காமராஜர் முதன்முதலில் மக்களவைக்குச் சென்றது நாகர்கோவிலில் இருந்து" என்றும் எழுதுகிறார்கள். முதல் பொதுத் தேர்தலில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வென்றிருந்தார்.

அந்த முதல் தேர்தலின் முடிவைச் சென்னை மாநிலப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இணைப்பு நடந்தது 1956 நவம்பர் 1-இல். ஆண்டையும் கவனியுங்கள்: வாக்குப்பதிவு நாடு முழுக்க 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நீண்டது, ஆணையத்தின் அறிக்கையோ 1951 என்றே தலைப்பிடுகிறது. 1951–52 என்று எழுதினால் குழப்பமில்லை.

நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதி இன்றும் இருக்கிறது. இணையத்தில் தேடும்போது அதன் முடிவுகள் மக்களவை முடிவுகளோடு கலந்து வரும். மொத்த வாக்காளர் எண்ணிக்கையைப் பாருங்கள். மக்களவைத் தொகுதிக்கு அது பல மடங்கு இருக்கும்.

வாக்கு சதவீதம் எழுதும்போது வகுத்த எண் எது என்று சொல்லுங்கள். மக்களவைத் தேர்தல் நாடு முழுவதும் மின்னணு எந்திரத்தில் நடந்தது 2004-இல்தான். சீட்டு வாக்கு நடந்த தேர்தல்களில் செல்லாதவை ஆயிரக்கணக்கில் இருக்கும். பதிவான வாக்கால் வகுத்தால் ஒரு விடை, செல்லுபடியானவற்றால் வகுத்தால் இன்னொரு விடை. நோட்டா வந்தது 2013-இல். எனவே நாகர்கோவில் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே தேவையில்லை.